தங்கம் எடுத்த இடத்தில் செடி வைத்த கதை

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலர்க் குழுவின் வேண்டுகோளுக்கு இணங்கப் பேச்சாளரே எழுதிக் கொடுத்தது.)

 

செயலாளர் என்னிடம் தொலைபேசியில் பேசியபோது, "அமெரிக்காவிலே முப்பது வருஷம் இருந்திருக்கீங்க. பசங்களுக்கு ஊக்கம் தர்ற மாதிரி உங்க வெற்றிக் கதையைச் சொல்லுங்க சார்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால், என்னிடம் இருப்பது பாதி தோல்விக் கதை. அதையே சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன். அதன் முடிவில் உங்களிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது. அது நம் விடுதிக்குப் பின்னால் இருக்கும் காலி மனையைப் பற்றியது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல். அப்பா அங்கே சுரங்கத் தொழிலாளி. நம் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஷிஃப்டுக்குச் சங்கு ஊதினால் லைன் வீடுகளில் அடுப்பு பற்றும். பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சுகிற தூளை மலை மலையாகக் குவித்திருப்பார்கள். 'சைனைட் மேடு' என்போம். சிறு பிள்ளைகள் நாங்கள் அதில் ஏறிச் சறுக்கி விளையாடுவோம். ஆடிக் காற்று அடித்தால் வீட்டுப் பாத்திரமெல்லாம் வெள்ளையாகிவிடும். நாங்கள் விளையாடிய மேட்டில் ஒரு புல் முளைத்து நான் பார்த்ததில்லை. அது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு ஒரே ஆசை, பையன் பூமிக்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்காகத்தான் என்னை இங்கே கொண்டு வந்து விடுதியில் சேர்த்தார். நான் தாவரவியல் எடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அந்தப் பிரிவில்தான் இடம் இருந்தது. (சிரிப்பு)

இரண்டாம் ஆண்டில் ஏலகிரிக்குச் செடி சேகரிக்கப் போனார்கள். என்னிடம் பஸ் கட்டணத்துக்குப் பணம் இல்லை, போகவில்லை. ஆனால் ஹெர்பேரியம் தாள் சமர்ப்பிக்க வேண்டுமே? விடுதிக்குப் பின்னால் போய் நாலு செடி பிடுங்கினேன். அதில் ஒன்று நெருஞ்சி. அழகாக உலர்த்தி ஒட்டி, இடம் என்ற கட்டத்தில் 'ஏலகிரி' என்று எழுதிவிட்டேன். எங்கள் பேராசிரியர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "செடி பேர் தெரியலைன்னா குத்தமில்லைப்பா, கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். எங்கே எடுத்தேன்னு பொய் எழுதினா, உனக்குப் பின்னாடி வர்றவன் எல்லாம் ஏமாறுவான்" என்றார். அடுத்த முறை பஸ்ஸுக்குத் தாமே பணம் கொடுத்தார். அவர் இன்று நம்மிடையே இல்லை. இந்தப் பேச்சை அவருக்குத்தான் சமர்ப்பிக்கிறேன்.

பிறகு மேல்படிப்பு, ஆராய்ச்சி என்று சுற்றி, 1999-ல் கலிஃபோர்னியா மாநிலத்து மொஹாவே பாலைவனத்தில் ஒரு வேலையில் சேர்ந்தேன். அங்கே ஒரு தங்கச் சுரங்கம் வெட்டி முடித்து மூடும் நிலையில் இருந்தது. அதன் பெயர் வேண்டாம். அந்த இடத்தில் மீண்டும் செடி வளர்த்து, அங்கிருந்த உயிரினங்கள் திரும்பி வரும்படி செய்ய வேண்டும். அதுதான் என் வேலை. அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். அவர் பதிலில் ஒரே வரி: "கடைசியில் நீயும் தங்கச் சுரங்கத்துக்கே போய்விட்டாய்."

அங்கே சுரங்கம் கோலார் மாதிரி இல்லை. கீழே இறங்குவது கிடையாது. மலையையே மேலிருந்து படிப்படியாக வெட்டிப் பெரிய குழி ஆக்குகிறார்கள். ஒரு டன் பாறையில் ஒரு கிராம் தங்கம், சில சமயம் அதற்கும் குறைவு. பாறையை நொறுக்கி, கனமான பிளாஸ்டிக் விரிப்பின் மேல் மேடாகக் குவித்து, மிக நீர்த்த சயனைட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அது தங்கத்தைக் கரைத்துக்கொண்டு அடியில் வடியும். தங்கம் இல்லாத பாறை வேறு தனியாக மலை போலக் கிடக்கும். ஆக, வேலை முடிந்தபின் மிஞ்சுவது மூன்று: ஒரு பெரும் பள்ளம், சயனைட் கரைசல் ஓடிய ஒரு மேடு, வெறும் பாறைக் குவியல்.

இதை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. கலிஃபோர்னியாவில் 1975-ல் ஒரு சட்டம் வந்தது. சுரங்கம் தோண்டுகிறவர் நிலத்தை எப்படிச் சீர்படுத்துவார் என்பதற்குத் திட்டம் கொடுக்க வேண்டும். அதற்கான செலவுக்கு ஜாமீனும் கட்ட வேண்டும். சொன்னபடி செய்து காட்டினால்தான் ஜாமீன் திரும்பும். சயனைட் மேட்டை நீர் விட்டு அலசி, விஷம் குறைந்துவிட்டதென்று சோதித்துக் காட்ட வேண்டும். கரைசல் தேங்கிய குட்டைகளில் பறவைகள் இறங்கிச் சாகாமல் வலை போட வேண்டும். அதற்கப்புறம்தான் செடி.

இப்போது என் முதல் தவறுக்கு வருகிறேன்.

நான் மனத்தில் வைத்திருந்த படம் என்ன தெரியுமா? சைனைட் மேடு. பொட்டல் என்றால் கெட்டுப்போன நிலம், பச்சை என்றால் நல்ல நிலம். நம் தமிழ் மரபும் எனக்கு ஒத்தாசை செய்தது. ஐந்திணையில் பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வறண்டால்தான் பாலை என்று சிலப்பதிகாரத்தில் இருப்பதைத் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோமே! அதனால் பாலைவனத்தைப் பார்த்ததும், 'பாவம், தண்ணீர் இல்லாமல் கெட்டுப்போயிருக்கிறது' என்றுதான் எனக்குத் தோன்றியது.

உண்மையில் மொஹாவே கெட்டுப்போன நிலமே இல்லை. அதுவே ஒரு முழு ஊர். ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது நல்ல ஆண்டு. நம் சென்னைக்கு 1,400 மில்லிமீட்டர் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மழையை நம்பி வாழும் செடிகளில் முக்கியமானது கிரியோசோட் என்ற புதர். அது எந்தக் குடும்பம் என்று நினைக்கிறீர்கள்? சைகோஃபில்லேசி. நம் நெருஞ்சிக் குடும்பம்! விடுதிக்குப் பின்னால் பிடுங்கிய செடியின் சொந்தக்காரனை அங்கே பார்த்ததும் எனக்கு ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. மழை பெய்தால் பாலைவனம் முழுக்க அதன் வாசனைதான். நடுப்பகுதி செத்து, ஓரம் மட்டும் வளர்ந்து வட்டமாகப் பரவும். அப்படிப்பட்ட ஒரு வட்டத்தின் வயது ஏறக்குறைய 11,700 ஆண்டுகள் என்று ஃபிராங்க் வாசெக் என்ற தாவரவியலாளர் 1980-ல் கணக்கிட்டார்.

புதருக்கும் புதருக்கும் நடுவே வெறும் தரை மாதிரி தெரியும். அதுவும் வெறும் தரை இல்லை. நீலப்பச்சைப் பாசி, லைக்கன், பாசிச்செடி எல்லாம் சேர்ந்து மண்ணின் மேல் ஒரு மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். காற்றில் மண் பறக்காமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஒரு லாரிச் சக்கரம் ஏறினால் உடைந்துவிடும். திரும்ப வளர எத்தனையோ பத்தாண்டுகள் ஆகும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், ஜெனரல் பேட்டன் அந்தப் பாலைவனத்தில் டாங்கிப் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த டாங்கிகளின் தடம் இன்னும் தரையில் தெரிகிறது.

இதெல்லாம் புரியாமல் நான் என்ன செய்தேன்? 2000-ம் ஆண்டு முதல் சரிவில் கன்றுகளை நெருக்கி நட்டேன். சொட்டு நீர்க் குழாய் போட்டேன், உரமும் போட்டேன். ஆறே மாதத்தில் பச்சைப் பசேல் என்று ஆனது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஆனால் தண்ணீர் சுலபமாகக் கிடைத்ததால் வேர்கள் மேலேயே நின்றுவிட்டன. 2002-ல் கடும் வறட்சி. குழாயை நிறுத்தும் நேரமும் அதுவாக அமைந்தது. பத்தில் ஏழு கன்றுகள் கருகிவிட்டன.

அதற்கு அடுத்து 2004-05 குளிர்காலத்தில் அங்கே அபூர்வமாக நல்ல மழை. 2005 வசந்தத்தில் போய்ப் பார்த்தால் சரிவு முழுக்கப் பச்சை! கிட்டே போய்ப் பார்த்தேன். கடுகு. நம் தாளிப்புக் கடுகின் பங்காளி. சஹாராக் கடுகு என்று பெயர். வேற்று நாட்டிலிருந்து வந்து பரவிய களை. கூடவே சிவப்பு புரோம் என்ற வந்தேறிப் புல். நான் போட்ட உரத்தைத் தின்று வளர்ந்தது அவைதான்.

அந்த நேரத்தில்தான் ஜாமீனை விடுவிக்க ஆய்வு வந்தது. தரையில் எத்தனை சதவீதம் செடி மூடியிருக்கிறது, எத்தனை வகை இருக்கிறது என்று பக்கத்துத் தொடாத நிலத்தோடு ஒப்பிட்டு நான் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் மேலாளர் நல்ல மனிதர்தான். அவருக்கும் மேலிடத்து நெருக்கடி. "பச்சையாகத்தானே இருக்கிறது? செடி செடிதானே? எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிவிடு, இந்த மாதத்தோடு கணக்கை முடித்துவிடலாம்" என்றார். கடுகையும் புல்லையும் சேர்த்து எண்ணினால் சுலபமாகத் தேறிவிடும். சேர்க்காவிட்டால் வேண்டியதில் பாதிகூட இல்லை.

நான் பெரிய தியாகி ஒன்றும் இல்லை. வீட்டுக் கடன் இருந்தது, இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் அந்த அறிக்கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைத் தடுத்தது எந்தச் சட்டமும் இல்லை. அந்த நெருஞ்சித் தாள்தான். மறுபடியும் விடுதிப் பின்புறத்துச் செடிக்கு ஏலகிரி என்று எழுதுகிறேனே என்று பட்டது. களைகளைத் தனியாகப் பிரித்து, உள்ளதை உள்ளபடி எழுதினேன். என் உரமும் நீரும்தான் களையைக் கூட்டியது என்பதையும் எழுதினேன். ஜாமீன் விடுபடவில்லை. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. ஆனால் வேலை போகவில்லை; மறுபடி செய்ய அவகாசம் கிடைத்தது.

அந்தக் கோடையிலேயே கடுகும் புல்லும் என்ன செய்யும் என்று ஊருக்கே தெரிந்தது. சாதாரணமாகப் பாலைவனத்தில் தீ பரவாது. புதர்களுக்கு நடுவே எரிய எதுவும் இல்லை. காய்ந்த வந்தேறிப் புல் அந்த இடைவெளியை நிரப்பினால் தீக்குப் பாலம் கிடைக்கிறது. 2005 ஜூனில் மொஹாவே தேசியக் காப்பகத்தில் சுமார் 70,000 ஏக்கர் எரிந்தது. ஆக, நான் 'பச்சை' என்று எண்ணியிருக்க வேண்டியது, அடுத்த தீக்கான விறகு.

சரி, இரண்டாவது முறை என்ன செய்தோம்? மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் களையைக் கையால் பிடுங்கினோம், விதை விழும் முன்னே. உரத்தை நிறுத்தினோம்.

அடுத்து மேல்மண். பாலைவனத்தில் விதையும் சத்தும் வேரோடு வாழும் பூஞ்சையும் மேலே சில சென்டிமீட்டரில்தான் இருக்கின்றன. அதிலும் பெரும்பகுதி புதர்களின் அடியில். சுரங்கம் தொடங்கியபோது மேல்மண்ணை எடுத்துக் குவித்து வைத்திருந்தார்கள்; நல்லதுதான். ஆனால் 12 ஆண்டு உயரமாகக் குவிந்து கிடந்த மண்ணில் உயிர் போய்விட்டது. கடைசிக் கட்டத்தில் வெட்டிய பகுதியிலிருந்து எடுத்து உடனே பரப்பிய மண்ணில் செடிகள் தாமாகவே முளைத்தன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணால் பார்த்தால் தெரியும்.

மூன்றாவது, நாற்று. சாதாரணப் பையில் வளர்த்தால் வேர் சுருண்டுகொள்ளும். ஜோஷ்வா ட்ரீ தேசியப் பூங்காவின் நாற்றங்காலில் 75 சென்டிமீட்டருக்கும் கூடுதலான ஆழமுள்ள குழாய்த் தொட்டிகளில் கன்று வளர்ப்பார்கள். மேலே ஒரு சாண் செடி, கீழே முழங்கால் உயரத்துக்கும் கூடுதலாக வேர். அதைப் பின்பற்றினோம். தண்ணீரை மேலே விடாமல் செங்குத்துக் குழாய் வழியே ஆழத்தில் விட்டோம். சில இடத்தில் மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பினோம். நம் ஊர்ப் பானைப் பாசனம்தான்! டேவிட் பெயின்பிரிட்ஜ் என்ற அமெரிக்க அறிஞர் இந்தப் பழைய முறையைப் பாலைவனச் சீரமைப்புக்குப் பெரிதும் பரிந்துரைத்திருக்கிறார். அதைப் படிக்கும்போது சிரிப்பு வந்தது. என் பாட்டி சுரைக்காய்க்குச் செய்ததை நான் கலிஃபோர்னியாவில் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

நான்காவது, யாருக்கு யார் துணை என்று பார்த்து நட்டோம். கிரியோசோட் கன்று வெட்டவெளியில் தனியாகப் பிழைப்பது கஷ்டம். பர்சேஜ் என்ற சிறிய புதரின் நிழலில்தான் பெரும்பாலும் தலையெடுக்கும். அது சூரியகாந்திக் குடும்பம். ஆகவே பர்சேஜ் முதலில், கிரியோசோட் பிறகு. வெட்டும் முன் பிடுங்கிப் பாதுகாத்த கள்ளி, யுக்கா செடிகளில் வடக்குப் பக்கம் எது என்று அடையாளம் போட்டு வைத்திருந்தார்கள். திரும்ப நடும்போது அதே பக்கம் வடக்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் வெயில் படாத தோல் வெயிலில் வெந்துவிடும்.

ஐந்தாவது, செத்த கிளைகள். வெட்டிய புதர்களின் காய்ந்த கிளைகளைத் தரையில் செங்குத்தாக நட்டோம். காற்றில் பறக்கும் விதையையும் மண்ணையும் அவை பிடித்து நிறுத்தும். கொஞ்சம் நிழல் கொடுக்கும். குருவி வந்து உட்காரும். எச்சத்தில் விதை விழும்.

விலங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே பாலைவன ஆமை என்று ஒன்று. 1990-ல் அமெரிக்க அரசு அதை அழிவை எதிர்நோக்கும் இனமாக அறிவித்தது. வாழ்நாளில் பெரும்பகுதி வளைக்குள்தான். முட்டையிடும் பருவம் வரவே பதினைந்து ஆண்டு அளவில் ஆகிவிடும். மழைநீரை மூத்திரப்பையில் சேமித்து வைக்கும். நாம் பரிவோடு கையில் தூக்கினால் பயத்தில் அதை விட்டுவிடும். அந்த ஆண்டு மழை இல்லையென்றால் தாகத்தில் சாகும். ஆகவே தொடக் கூடாது. வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் குனிந்து அடியில் பார்க்க வேண்டும்; நிழலுக்கு ஆமை வந்து படுத்திருக்கும். ஓய்வு பெற்று இங்கே வந்த பிறகும் என் கார் அடியில் குனிந்து பார்க்கிறேன். எங்கள் தெருவில் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ தெரியாது. (சிரிப்பு)

ஆமைக் குஞ்சின் ஓடு முதல் சில ஆண்டு மெத்தென்று இருக்கும். நாம் போடும் குப்பைக்கும், தேங்கவிடும் தண்ணீருக்கும் அண்டங்காக்கைகள் பெருகி, குஞ்சுகளைக் கொத்தித் தின்றுவிடுகின்றன. ஆகவே சோற்றுப் பொட்டலத்தை மூடி வைப்பதும் அங்கே வனவிலங்குப் பாதுகாப்பு வேலைதான்.

மலைச்சரிவில் பழங்காலத்துச் சுரங்க வாய்கள் சில இருந்தன. ஆள் விழுந்துவிடுவார்கள் என்று அடைக்கச் சொன்னார்கள். அடைக்கும் முன் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பார்த்தோம். உள்ளேயிருந்து பெருங்காது வௌவால்கள் வெளியே வந்தன. மனிதன் தங்கத்துக்குத் தோண்டிய குகையை அவை வீடாக்கிக்கொண்டுவிட்டன. ஆகவே மண் போட்டு மூடாமல், மனிதன் நுழைய முடியாத, வௌவால் பறந்து போகக்கூடிய குறுக்குக் கம்பிக் கதவு போட்டோம்.

2007-ல் அப்பா ஒரு தடவை வந்தார். அதற்குள் கோலார் சுரங்கமும் 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவரைச் சரிவுக்கு அழைத்துப் போனேன். அது வறட்சி ஆண்டு. கண்ணுக்கு எட்டிய வரை கல், நடுநடுவே சாம்பல் நிறத்தில் சிறு புதர்கள், முயல் கடிக்காமல் கம்பி வலைக் கூண்டுகள். வெகு நேரம் பார்த்தார்.

"என்னடா இது, செத்துப்போன குச்சியெல்லாம் நட்டு வெச்சிருக்கே? இதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

நான் பக்கத்துத் தொடாத நிலத்துக்கு அழைத்துப் போனேன். "இங்கே பாருங்கப்பா. இதுவும் இப்படித்தான் இருக்கு. இந்த மாதிரி ஆக்கறதுதான் என் வேலை" என்றேன். அவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். குனிந்து ஒரு பர்சேஜ் புதரை விலக்கினார். அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கிரியோசோட் கன்று இருந்தது. நாங்கள் நட்டது இல்லை, தானாக வந்தது. "இது எத்தனை நாள்லே பெரிசாகும்?" என்றார். "நம்ம ரெண்டு பேரும் பார்க்க மாட்டோம்பா" என்றேன்.

வண்டிக்குத் திரும்பி வரும்போது சொன்னார்: "முப்பத்தஞ்சு வருஷம் வெட்டி வெளியே போட்டேன். போட்ட தூளு எங்கே போச்சுன்னு நான் ஒரு நாளும் திரும்பிப் பார்க்கலேடா." அவ்வளவுதான். அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவர் மறைந்தும் பல ஆண்டுகளாகிவிட்டன.

அப்பாவுக்குச் சொன்னது விளையாட்டுப் பேச்சு இல்லை. ஸ்காட் அபெல்லா என்ற சூழலியலாளர் மொஹாவே, சொனோரா பாலைவனங்களில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் எழுதினார். கெட்டுப்போன நிலத்தைச் சும்மா விட்டால், பல்லாண்டுச் செடிகளின் போர்வை திரும்பச் சராசரியாக 76 ஆண்டு ஆகிறது. அதே வகைச் செடிகள், அதே கலவையில் வர 215 ஆண்டு. ஜாமீனோ சில ஆண்டுக் கணக்கு. எங்கள் சரிவுக்கு ஜாமீன் கடைசியில் விடுபட்டது. ஆனால் நிலம் குணமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. குணமாகும் வழியில் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வழியிலும் ஆயிரம் தடை. 2020 ஆகஸ்டில் சீமா டோம் பகுதியில் ஒரு தீ. ஏறக்குறைய 13 லட்சம் ஜோஷ்வா மரங்கள் போயின என்று கணக்கிட்டார்கள். அதே பாலைவனத்தில் காசில் மவுண்டன் என்ற வேறொரு சுரங்கத்தில் 2001-ல் வெட்டு நின்றது. 2020-ல் அங்கே மீண்டும் தங்க உற்பத்தி தொடங்கியது. தங்கம் விலை ஏறினால் மூடிய இடமும் திறக்கும். ஆகவே, 'எப்படியும் பிறகு சரிசெய்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதையே தொழிலாகச் செய்தவன் சொல்கிறேன். எத்தனை பணம் கொட்டினாலும் பிறகு திருப்பித் தர முடிந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும், தோண்டும் முன் யாரோ எடுத்து வைத்த மண்ணாலும், யாரோ உண்மையாக எழுதி வைத்த செடிப் பட்டியலாலும்தான் முடிந்தது. பட்டியல் இல்லாவிட்டால் எதைத் திருப்பி வைப்பது என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

2019 வசந்தத்தில், வேலையின் கடைசிக் காலத்தில், அந்தச் சரிவின் அடிவாரத்தில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு புதரின் அடியில் அரைவட்ட வடிவில் ஒரு வளை. ஆமை வளை அப்படித்தான் இருக்கும். அதன் ஓட்டை நிமிர்த்தி வைத்த மாதிரி. வாசலில் புது மண், கால் தடம். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. குறிப்பேட்டில் தேதியும் இடமும் எழுதிக்கொண்டு, வந்த வழியே திரும்பினேன். இருபது வருஷத்தில் எனக்குக் கிடைத்த பரிசு அது ஒன்றுதான். போதும்.

இனி கோரிக்கை. விடுதிக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் நம் சங்கம் புதிய கட்டடம் கட்டப்போகிறது. மகிழ்ச்சி, என்னால் முடிந்த தொகையைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். நேற்று மாலை அங்கே போய் நடந்தேன். நெருஞ்சி இன்னும் இருக்கிறது. தும்பை, ஆவாரை, எருக்கு, துத்தி என்று அரைமணியில் இருபத்து மூன்று வகை எண்ணினேன். கூட வந்த தம்பி ஒருவர், "சார், அது வெறும் புதர் சார்" என்றார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. மொஹாவேயைப் பார்த்து நானும் அதைத்தான் சொன்னேன்.

கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று காரியம் மட்டும் செய்யுங்கள். ஜே.சி.பி. வருவதற்கு முன் தாவரவியல் மாணவர்கள் ஒரு பருவம் முழுக்க அங்கே இருக்கும் செடி, பூச்சி, பறவை எல்லாவற்றையும் பட்டியல் எடுங்கள்; இடமும் தேதியும் உண்மையாக எழுதி நம் ஹெர்பேரியத்தில் வையுங்கள். மேல்மண்ணை அடிமண்ணோடு கலக்காமல் தனியே எடுத்து, குவித்துப் போடாமல் அடுத்த மழைக்கு முன்னே வேறிடத்தில் பரப்புங்கள். மனையின் ஓரமாக இருபது அடி அகலத்துக்கு ஒரு துண்டைத் தொடாமல் விடுங்கள். அதில் பூச்செடி வைக்க வேண்டாம், தண்ணீர் விட வேண்டாம், பெயர்ப்பலகையும் வேண்டாம். செலவு ஒன்றும் இல்லை. தலைவர் தலையசைக்கிறார், நன்றி. (கைதட்டல்)

நான் சறுக்கி விளையாடிய மேடுகள் தங்கவயலில் இன்றும் நிற்கின்றன. மொஹாவேயில் கற்ற பாடத்தை அப்படியே அங்கே கொண்டுபோய் ஒட்ட முடியாது. அந்த மண் வேறு, மழை வேறு. அந்த மண்ணின் செடிகளைத் தெரிந்த பிள்ளைகள்தான் அதைச் செய்ய வேண்டும். அப்படிப்பட்டவர்களில் ஒருவராவது இந்த அரங்கில் பின் வரிசையில், பஸ் கட்டணத்துக்குப் பணம் இல்லாமல் உட்கார்ந்திருக்கலாம். அந்தத் தம்பிக்கோ தங்கைக்கோ ஒன்று சொல்கிறேன்: கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். பஸ் கட்டணம் என் பொறுப்பு.